பாடநூலும் அதன் ஆசிரியரும்

உங்கள் கையிலிருக்கும் பாடநூலை எழுதியவர் யார் என்று இப்பொழுது திடீரெனக் கேட்டால், உங்களுள் எத்தனை பேர் தயங்காமல் விடை சொல்வீர்கள்? கதை எழுதியவரின் பெயரை நாம் மறப்பதில்லை. பாட்டு எழுதியவரின் பெயரை வாழ்நாள் முழுவதும் நினைவில் வைத்திருக்கிறோம். பாடநூலை மட்டும் 'கணக்குப் புத்தகம்', 'தாவரவியல் புத்தகம்' என்று பாடத்தின் பெயராலேயே அழைத்துவிடுகிறோம். அதற்கு ஓர் ஆசிரியர் உண்டு என்பதும், அவர் பல இரவுகள் கண் விழித்தார் என்பதும் நம் நினைவுக்கு வருவதில்லை. முப்பத்தாறு ஆண்டுகள் பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்ற நானும், என் வகுப்புகளில் பாடத்தைப் பற்றிப் பேசிய அளவுக்குப் பாடநூல் ஆசிரியர்களைப் பற்றிப் பேசியவன் அல்லேன். அந்தக் குறையை இன்று ஓரளவு போக்கிக்கொள்ள விரும்புகிறேன்.

நான் கல்லூரிப் பாடநூல் எதையும் எழுதியதில்லை. ஆனால் அத்தகைய நூல் ஒன்று உருவாவதை அருகில் இருந்து பார்த்தவன். அதன் கைப்படியில் ஏறத்தாழப் பாதியைப் படியெடுத்துக் கொடுத்தவன். அந்த உரிமையில்தான் இன்று பேசுகிறேன்.

1976ஆம் ஆண்டில் புகுமுக வகுப்பை முடித்துவிட்டு, திண்டிவனத்தில் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். பேரணி நிலையத்துக்குச் சிறிது தொலைவிலுள்ள சிற்றூர் எங்கள் ஊர். மானாவாரி நிலத்தில் மணிலாப் பயிரிட்டுப் பிழைக்கும் குடும்பம். அன்று அது தென்னார்க்காடு மாவட்டம்; விழுப்புரம் தனி மாவட்டமானது 1993இல்தான். எங்கள் தாவரவியல் பேராசிரியர் விழுப்புரத்தில் குடியிருந்தார். அவர் காலையில் அங்கே பயணிகள் வண்டியில் ஏறுவார். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி ஆகிய நிலையங்களைக் கடந்து வண்டி பேரணிக்கு வரும்போது நான் ஏறிக்கொள்வேன். பிறகு மயிலம், அதன்பின் திண்டிவனம். அந்நாளைய மீட்டர் பாதை வண்டி அவசரம் அறியாதது. எதிர்வண்டிக்காக அது நின்ற நேரங்களிலெல்லாம் பேராசிரியரின் மடியிலிருந்த பலகையின்மேல் பேனா ஓடிக்கொண்டிருக்கும். பட்ட வகுப்புக்கான தாவரவியல் நூலொன்றைத் தமிழில் எழுத அவர் ஒப்புக்கொண்டிருந்தார். என் கையெழுத்து ஓரளவு திருத்தமாக இருந்தமையால், "தம்பி, இதைப் படியெடுத்துத் தர முடியுமா?" என்று ஒருநாள் கேட்டார். "தருகிறேன் ஐயா" என்றேன். என் கல்வி உண்மையில் அன்றுதான் தொடங்கியது.

அக்காலத்தில் அப்படிப்பட்ட நூல்கள் ஏன் தேவைப்பட்டன என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். 1960ஆம் ஆண்டில் கோயம்புத்தூர் அரசினர் கலைக் கல்லூரியில் பி.ஏ. வகுப்புப் பாடங்களைத் தமிழில் கற்பிக்கும் முயற்சி தொடங்கிற்று. 1968இல் புகுமுக வகுப்பிலும், 1969 முதல் பட்ட வகுப்புகளிலும் அறிவியல் பாடங்களைத் தமிழிலேயே கற்பிக்க ஏற்பாடாயிற்று. வகுப்பைத் தொடங்குவதற்கு ஓர் ஆணை போதும். நூலை எழுதுவதற்கு ஆணை போதாது; ஆள் வேண்டும். ஆங்கிலத்தில் கற்று, ஆங்கிலத்திலேயே கற்பித்துப் பழகிய பேராசிரியர்கள், தம் நடுவயதில் தமிழில் அறிவியல் எழுதக் கற்றுக்கொண்டார்கள். கல்லூரித் தமிழ்க் குழுவின் சார்பில் முதலில் 35 நூல்கள் வெளிவந்தன. 1970இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் தோன்றிய பின், நடுவணரசு மாநில மொழிகளில் பல்கலைக்கழக நூல்களை வெளியிட வகுத்த திட்டத்தின் துணையோடு, இயற்பியல், வேதியியல், விலங்கியல், வரலாறு, பொருளாதாரம், உளவியல் எனப் பல துறைகளில் நூற்றுக்கணக்கான நூல்கள் வந்தன. தனிப் பதிப்பாளர் சிலரும் இப்பணியில் இறங்கினர். எங்கள் பேராசிரியர் எழுதியது அத்தகைய பதிப்பாளர் ஒருவருக்காக.

இவர்களுக்கு முன்பே வழி வெட்டியவர்களும் உண்டு. 1916ஆம் ஆண்டிலேயே சேலத்தில் இராஜாஜி அவர்களும் அவர்தம் நண்பர்களும் அறிவியல் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கம் கண்டு இதழும் நடத்தினர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் 'கலைச்சொற்கள்' என்னும் தொகுப்பை வெளியிட்டது. பெரியசாமித் தூரன் அவர்களை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் 1963க்கும் 1965க்கும் இடையே வெளிவந்தது. எங்கள் பேராசிரியரின் விழுப்புரத்து வீட்டுக் கூடத்தில் இவற்றுட் சில அடுக்கியிருக்கக் கண்டிருக்கிறேன். இவ்வளவு துணையிருந்தும் ஒரு பத்தியை எழுத அவருக்குச் சில நாள்களில் ஒரு மாலைப்பொழுது முழுதும் ஆகும்.

காரணம் யாது? சொற்கள் இல்லாமை அன்று. சொற்கள் மிகுதியாக இருந்தமையே. மரம் உயிர்ப்பதைப் பற்றி எழுதப் புகுந்தால், பிராணவாயு என்பதா, உயிர்வளி என்பதா, ஆக்சிஜன் என்பதா? பள்ளியில் ஒரு சொல்லைப் படித்து வந்த மாணவன் கல்லூரியில் வேறு சொல்லைக் கண்டால், இரண்டும் ஒரே பொருள்தான் என்பதை யார் அவனுக்குச் சொல்வது? ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்துவிட்டால் நூலின் கடைசிப் பக்கம் வரை அதையே ஆள வேண்டும் என்பதைப் பேராசிரியர் விரதமாகக் கொண்டிருந்தார். அதற்கென நீளமான கணக்கேடு ஒன்றில் அகர வரிசைப்படி சொற்களை எழுதிவைத்திருந்தார். நான் படியெடுக்கையில் எங்கேனும் சொல் மாறியிருந்தால் பென்சிலால் சுழித்துக் காட்ட வேண்டும். அப்படிச் சுழித்த நாள்களில் மயிலம் நிலையத்தில் எனக்கு ஒரு தேநீர் வாங்கித் தருவார்.

இந்தச் சிக்கலை நூறாண்டுகளுக்கு முன்னரே யாழ்ப்பாணத்தில் ஒருவர் சந்தித்தார். அமெரிக்க நாட்டு வூஸ்டர் நகரினரான மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தவர். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். அதற்கு வேண்டிய நூல்களைத் தம் மாணவர்களின் துணையோடு தமிழில் ஆக்கினார். 'இரணவைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும், 'கெமிஸ்தம்' 1875இலும் வெளிவந்தன. முதலில் தமிழிற் சொல் உண்டா என்று பார்ப்பது, இல்லையேல் வடமொழியை நாடுவது, அதுவும் உதவாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசைய எழுதுவது என்பது அவர் கொண்ட முறை. 'கெமிஸ்தம்' என்னும் நூற்பெயரே அம்மூன்றாம் வழியில் வந்ததுதான். இன்று நாம் அச்சொல்லை ஆள்வதில்லை, வேதியியல் என்கிறோம். ஆயினும், அந்நூலைக் கொண்டு கற்றவர்கள் மருத்துவர்களாகி நோயாளிகளின் துயர் தீர்த்தார்கள். சொல் பழையதாகிவிடலாம், அது கற்பித்த வேலை வீண் போவதில்லை.

இனி எங்கள் நூலின் கதைக்கு வருகிறேன். ஒருநாள் நிலக்கடலையைப் பற்றிய பகுதி என்னிடம் வந்தது. நிலக்கடலையின் மஞ்சள் நிறப் பூ மண்ணுக்கு மேலே மலர்கிறது. கருவுற்ற பிறகு பூ வாடிவிடும். சூலகத்தின் அடிப்பகுதி ஒரு காம்புபோல நீண்டு கீழ்நோக்கி வளர்ந்து, சூல்களை நுனியில் தாங்கியபடி மண்ணுக்குள் புகும். அதன் பின்னரே அங்கே காய் உருவாகும். இக்காம்பைப் பேராசிரியர் 'சூலகக்காம்பு' என்று எழுதியிருந்தார். நான் மூன்று முறை படித்தேன். என்ன சொல்கிறார் என்று விளங்கவில்லை. பிறந்த நாள் முதல் மணிலாக் கொல்லையில் வளர்ந்த எனக்கே விளங்கவில்லை! படத்தைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு வந்தது.

மறுநாள் வண்டியில், "ஐயா, இதை எங்கள் ஊரில் விழுது என்போம்" என்றேன்.

"யார் சொல்வார்கள்?"

"எல்லாரும் சொல்வார்கள் ஐயா. 'மல்லாட்டைக்கு விழுது எறங்கிடுச்சு, இனிமே கொல்லையில களைக்கொட்டு போடாதே' என்று எங்கள் அம்மா சொல்வார்கள்."

மணிலாக்கொட்டையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்பது வழக்கம். பேராசிரியர் பேனாவை மூடிவிட்டு, திண்டிவனம் வரும்வரை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கைக்கண்ணாடியும் அளவுகோலுமாக எங்கள் கொல்லைக்கு வந்துவிட்டார். செடியைப் பிடுங்கிப் பார்த்தார், விழுதுகளை அளந்தார், என் தாயாரை வணங்கி, விழுது எத்தனை நாளில் இறங்கும், இறங்கிய பிறகு செடியை அசைத்தால் என்ன ஆகும் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். பட்டம் பெற்ற ஒருவர் தம்மிடம் பாடம் கேட்கிறாரே என்று என் தாயார் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு, நின்றபடியே விடை சொன்னார்கள். அப்பகுதியைப் பேராசிரியர் திரும்ப எழுதினார். 'விழுது' என்னும் சொல் நூலுக்குள் வந்தது.

கைப்படி முழுமையானதும், பதிப்பாளர் அதை வேறொரு மூத்த பேராசிரியருக்குச் சீர்நோக்க அனுப்பினார். சில திங்கள் கழித்து அது சிவப்பு மையுடன் திரும்பி வந்தது. 'விழுது' என்னும் சொல்லைக் கோடிட்டு, 'ஏற்பதற்கில்லை' என்று ஓரத்தில் எழுதியிருந்தார். எனக்கு அடக்க முடியாத சினம். என் தாயாரின் சொல்லை அடித்துவிட்டாரே என்று நினைத்தேன். பேராசிரியர் சினம் கொள்ளவில்லை. சீர்நோக்கியவர் கீழே எழுதியிருந்த காரணத்தை எனக்குப் படித்துக் காட்டினார்: ஆலமரத்தின் விழுது வேர், நிலக்கடலையில் இறங்குவது வேரன்று, பூவின் சூலகத்திலிருந்து வருவது, ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் மாணவன் இதையும் வேர் என்று எண்ணிவிடுவான்.

"அவர் சொல்வது சரிதான் தம்பி. உன் அம்மா சொல்வதும் சரிதான். இரண்டையும் வைத்து ஒரு வாக்கியம் எழுத முடியாவிட்டால் நான் எதற்கு?" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை எத்தனை முறை அடித்து எழுதினார் என்பதை நான் எண்ணவில்லை. முடிவில் அது இப்படி அமைந்தது: கருவுற்றபின் சூலகத்தின் அடியிலிருந்து சூலகக்காம்பு வளர்ந்து மண்ணுக்குள் இறங்குகிறது, உழவர் இதனை விழுது என்பர், ஆலின் விழுதுபோலக் கீழ்நோக்கி இறங்கினும் இது வேர் அன்று. முதல் வரைவைவிடவும், என் சொல்லைக் கேட்டு எழுதிய இரண்டாம் வரைவைவிடவும் இது தெளிவானது. ஒரு தவற்றை முன்கூட்டியே தடுத்தும் விடுகிறது. பின்னர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் 'தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க' என்னும் விதியை எழுதிப்போட்டபோது, எனக்கு அந்தச் சிவப்பு மையும் எங்கள் கொல்லையும்தான் நினைவுக்கு வந்தன. தெரிந்ததிலிருந்து தொடங்குவதோடு வேலை முடிவதில்லை. தெரிந்தது எந்த இடத்தில் வழி தவறச் செய்யும் என்பதையும் ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும்.

இதனோடு இன்னொன்றும் நடந்தது. நூலில் தாவர நோய்களைப் பற்றிய பகுதியில் 'டி.எம்.வி.' என்று வந்தது. புகையிலையில் தேமல் நோயை உண்டாக்கும் வைரசுக்கு அறிவியலார் இட்ட சுருக்கப் பெயர் அது. எங்கள் வீட்டிலோ டி.எம்.வி. என்றால் விதை! திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட நிலக்கடலை வகைகளுக்குத் திண்டிவனத்தின் பெயரைச் சுருக்கி டி.எம்.வி. என்றே பெயர். டி.எம்.வி. 2 என்னும் வகை 1940இல் வந்தது, டி.எம்.வி. 7 வந்தது 1967இல். என் தந்தையார் ஆண்டுதோறும் விலை கொடுத்து வாங்கும் விதை, நூலில் நோயாக வந்திருக்கிறதே என்று நான் திகைத்ததைக் கேட்டுப் பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அவ்விடத்தில் ஓர் அடிக்குறிப்புச் சேர்த்தார். அதுபோலவே, தொல்லுயிர்ப் பதிவுகளைப் பற்றிச் சொல்லுமிடத்தில் அயல்நாட்டு எடுத்துக்காட்டுகளை எழுதியிருந்தவர், அவற்றுக்கு முன்னால் திருவக்கரையைச் சேர்த்தார். திண்டிவனத்துக்கு அணித்தேயுள்ள திருவக்கரையில், ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அவற்றின் ஆண்டு வளையங்களையும் முண்டுகளையும் இன்றும் தொட்டுப் பார்க்கலாம். மிதிவண்டியில் போய்ப் பார்த்துவிடக்கூடிய ஒன்றை விட்டுவிட்டுக் கடல் கடந்து போவானேன் என்றார்.

நூல் எழுதி முடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணியிருந்தேன். பாதிதான் முடிந்திருந்தது. அந்நாளில் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்துக் கோத்தே அச்சிடுவர். அச்சுக் கோத்ததும் 'புரூப்' வரும். அதில் பிழை திருத்தி அனுப்பினால், பக்கங்களாகக் கட்டி மீண்டும் ஒரு படி வரும். பதினாறு பக்கங்கள் கொண்டது ஒரு பாரம். ஒவ்வொரு பாரமாக அச்சேறும். ஒரு பாரம் அச்சாகி எழுத்தைக் கலைத்துவிட்டால், அதன்பின் கண்ட பிழைக்குப் பரிகாரம் இல்லை. தமிழ்ப் பிழை திருத்துவோர் உண்டு. தாவரவியல் அறிந்து பிழை திருத்துவோர் இல்லை. ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் ஆசிரியரே இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. தாவரங்களின் இலத்தீன் பெயர்களில் ஓரெழுத்து மாறினாலும் வேறு செடியாகிவிடும். அவற்றை நான் எழுத்தெழுத்தாக உரக்கப் படிக்க, அவர் மூலத்தோடு ஒப்பிடுவார். வண்டியில் உடன் வந்த பால்காரர் ஒருவர், நாங்கள் ஏதோ மந்திரம் சொல்வதாக நெடுநாள் எண்ணியிருந்தாராம்.

படங்களைக் கறுப்பு மையால் வரைந்து கொடுக்க, அவற்றை உலோகத் தகட்டில் பிளாக்காகச் செய்து எழுத்துகளோடு சேர்த்து அச்சிடுவர். இத்தனைக் கவனத்துக்குப் பிறகும், நூல் கட்டமாகி வந்த நாளில் பேராசிரியர் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்தார். நிலக்கடலைச் செடியின் பிளாக்கைத் தலைகீழாக வைத்து அச்சிட்டுவிட்டார்கள். இலைகள் மண்ணுக்குள்ளும் காய்கள் வானத்திலுமாக நின்றன. திருத்தப்படியில் சரியாக இருந்த படம் எந்த நேரத்தில் புரண்டதோ, தெரியாது. யாரைக் குறை சொல்லியும் பயனில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதைக் கண்டால் சிரிப்பார்கள். நிலக்கடலைச் செடியையே பாராத நகரத்து மாணவன் அதை அப்படியே தேர்வில் வரைவானே என்பதுதான் அவர் கவலை.

தம் கைப்பொருளைச் செலவிட்டு விழுப்புரத்தில் ஒரு சிறிய அச்சகத்தில் படத்தைச் சரியாக அச்சிட்டுத் துண்டுத் தாள்களாக்கினார். எங்கள் வகுப்பு மாணவர் ஐவர், விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நூல் இருந்த இடங்களையெல்லாம் தேடிச் சென்று, பசை தடவி ஒட்டினோம். ஆயிரம் படிகளில் எத்தனையை எங்களால் எட்ட முடிந்திருக்கும்? எஞ்சியவற்றை இரண்டாம் பதிப்பில் சரி செய்துவிடலாம் என்றார் பேராசிரியர்.

அந்த இரண்டாம் பதிப்பு வரவே இல்லை.

ஏன் வரவில்லை என்று பிற்காலத்தில் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். பாடத்திட்டம் சில ஆண்டுகளில் மாறியது. முதற்பதிப்பின் படிகள் விற்றுத் தீரவில்லை. தீராத நூலுக்கு மறுபதிப்புப் போட எந்தப் பதிப்பாளரும் துணியார். ஏன் தீரவில்லை? அதற்கு விடை சொல்ல எனக்குச் சிறிது கூச்சமாக இருக்கிறது. நாங்கள் நூலை வாங்கவில்லை. வகுப்பில் எழுதிய குறிப்புகளையும், கடையில் விற்ற வினா–விடைச் சிற்றேடுகளையும் வைத்துக்கொண்டே தேர்வெழுதினோம். எனக்குப் பின் அதே பாடத்தை எடுத்த என் தம்பிக்கு நான் கொடுத்தது என்னுடைய குறிப்பேட்டை. அந்த நூலின் பாதியைக் கையால் எழுதியவனே அப்படிச் செய்தால், மற்றவரைச் சொல்வானேன்?

மருத்துவர் கிறீனைப் பற்றி முன்னர்ச் சொன்னேன். அவர் 1873இல் யாழ்ப்பாணத்தை விட்டுத் தம் ஊருக்குத் திரும்பினார். ஆனால் தமிழ் நூல்களை விட்டுவிடவில்லை. வூஸ்டரில் இருந்தபடியே தமிழ்க் கைப்படிகளைப் படித்துத் திருத்தினார். 'மனுஷ சுகரணம்' 1883இல்தான் வெளிவந்தது. மறு ஆண்டில் அவர் மறைந்தார். அறிவியல் நூலுக்குத் திருத்தமே உயிர். இலக்கிய நூல் பழையதானால் மதிப்புக் கூடும். அறிவியல் நூலைத் திருத்தாமல் வைத்திருந்தால், முதலில் அதன் விளிம்பு பழையதாகும். பிறகு உள்ளும் பழையதாகும். தமிழில் உயர்கல்வி இயலாது என்று சொல்வோர் அந்நூல்களை எடுத்துக் காட்டி, 'பாருங்கள், எவ்வளவு பழமை!' என்பதுண்டு. பழமை மொழியால் வந்ததன்று. நூலகங்களில் நான் எடுத்துப் பார்த்தவற்றுட் பெரும்பாலானவை முதற்பதிப்போடு நின்றுவிட்டவை. ஆங்கிலத்தில் இன்றும் மாணவர் விரும்பிப் பயிலும் பெருநூல்கள் பல, பத்துப் பதிப்புகளுக்கு மேல் கண்டவை. அவையும் முதற்பதிப்போடு நின்றிருந்தால் இக்கதியைத்தான் அடைந்திருக்கும்.

எங்கள் பேராசிரியர் தம் நூலின் ஒரு படியைப் பிரித்து, ஒவ்வொரு தாளுக்கும் இடையே ஒரு வெள்ளைத்தாள் வைத்துக் கட்டுவித்திருந்தார். ஓய்வு பெற்ற பின்னும் புதிய செய்தி எதைப் படித்தாலும் உரிய பக்கத்துக்கு எதிரே எழுதி வைப்பார். நான் பி.எட். பயிற்சி முடித்து ஆசிரியனாகி, பின்னர்த் தலைமையாசிரியனாகவும் ஆன காலத்தில், விழுப்புரம் செல்லும்போதெல்லாம் அவரைக் காண்பேன். "இரண்டாம் பதிப்புக்கு ஆயத்தம்" என்று அந்தப் படியைக் காட்டுவார். அவர் மறைந்தபின் அவர்தம் குடும்பத்தார் அதை என்னிடம் கொடுத்தார்கள். அவருடைய கையெழுத்து ஆண்டுக்காண்டு நடுக்கம் மிகுவதை அந்த வெள்ளைத் தாள்களில் காணலாம். நிலக்கடலைப் படத்துக்கு எதிரே ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: 'திருப்புக'.

அண்மையில், என் பள்ளியில் பயின்று இன்று கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கும் அம்மையார் ஒருவரிடம் அந்தப் படியைக் கொடுத்தேன். ஒரு திங்கள் வைத்திருந்து படித்தார். பின்னர் என்னிடம் ஒளிக்காமல் சொன்னார்: "ஐயா, இதில் பாதியை எடுத்துவிட வேண்டும். பூஞ்சைகளைத் தாவரங்களோடு வைத்திருக்கிறார்கள்; இன்று அவற்றைத் தனி உலகமாகவே கொள்கிறோம். பூக்கும் தாவரங்களை மரபணுச் சான்றுகளைக் கொண்டு வகைப்படுத்தும் முறை 1998இல் வந்துவிட்டது. நிலக்கடலை தென்னமெரிக்காவில் இரண்டு காட்டுச் செடிகளின் கலப்பில் பிறந்தது என்பதை அதன் மரபணுத் தொகுதியைப் படித்தே காட்டியிருக்கிறார்கள். 2016இலும் 2019இலும் அந்த ஆய்வுகள் வந்தன. இவையெல்லாம் சேர வேண்டும். ஆனால் அந்த விழுது வாக்கியத்தை மட்டும் நான் மாற்ற மாட்டேன். வகுப்பில் அதைப் படித்துக் காட்டினேன். பிள்ளைகள் உடனே புரிந்துகொண்டார்கள்."

அவர் இப்பொழுது அந்நூலின் வழியில் புதிய நூலொன்றை எழுதத் தொடங்கியிருக்கிறார். அவருக்கு நம் காலம் பல வசதிகளைத் தருகிறது. பழைய கல்லூரி நூல்கள் பலவற்றை மின்படிகளாக்கித் தமிழ் மின்னூலகத்தில் யாவரும் படிக்க வைத்திருக்கிறார்கள். 2010 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடவியலும் இயந்திரவியலும் தமிழில் கற்பிக்கத் தொடங்கினர். 2021 முதல் தொழில்நுட்பக் கல்விக்கான அனைத்திந்தியக் குழு, பொறியியல் நூல்களை இந்திய மொழிகளில் வெளியிட முன்வந்தது. கணிப்பொறியும் ஒரு பக்கத்தை நொடியில் மொழிபெயர்த்துத் தருகிறது. அவற்றையெல்லாம் பயன்படுத்திக்கொள்வது நன்றே. ஆயினும் எவர் படிக்கப் போகிறார், அவர் எந்தக் கொல்லையில் வளர்ந்தவர், எந்த இடத்தில் தடுமாறுவார் என்று ஒருவர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தாக வேண்டும். அந்த வேலையைக் குறைத்துக்கொள்ள வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மாணவ நண்பர்களே, இதில் உங்களுக்கும் பங்குண்டு. உங்கள் பாடநூலில் ஒரு வாக்கியம் விளங்கவில்லையானால் உடனே உங்கள் அறிவைக் குறைவாக எண்ணிவிடாதீர்கள். அந்த இடத்தைப் பென்சிலால் சுழித்து உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். ஆசிரியர்க்கும் விளங்கவில்லையானால் இருவரும் சேர்ந்து நூலாசிரியருக்கு எழுதுங்கள். அவருடைய பெயர் முதல் ஏட்டிலேயே இருக்கிறது. உங்கள் வீட்டில், நிலத்தில், பட்டறையில் வழங்கும் சொல் ஒன்று பாடத்துக்குப் பொருந்துமெனத் தோன்றினால் அதையும் எழுதுங்கள். அவர் அதை ஏற்கலாம். தக்க காரணம் காட்டி மறுக்கலாம். எவ்வாறாயினும் அடுத்த பதிப்பு முன்னதைவிடச் சிறிது தெளிவாக வரும். நூலை வாங்கிப் படியுங்கள் என்பதையும், நான் செய்யத் தவறியதை நீங்கள் செய்யுங்கள் என்னும் எண்ணத்தோடு சொல்லி வைக்கிறேன்.

அந்த அம்மையாரின் புதிய கைப்படியில் நிலக்கடலைப் பகுதி சென்ற வாரம் என் பார்வைக்கு வந்தது. படத்தை முதலிற் பார்த்தேன். இலைகள் மேலே இருந்தன. காய்கள் மண்ணுக்குள் இருந்தன.